அறுபதுக்கு மேல் ராஜகிரி

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி தரைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 800 அடி; மீட்டரில் 240 சொச்சம். 65 கிலோ எடையுள்ள ஒருவர் அதன் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தால், புவியீர்ப்பை எதிர்த்து அவர் செய்த வேலை சுமார் 1,53,000 ஜூல். கேட்பதற்குப் பெரிய எண். உணவுக் கணக்கில் வெறும் 37 கிலோ கலோரிதான். தசை சிக்கனமான எந்திரம் இல்லை. உள்ளே போகும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் நான்கில் ஒரு பங்குதான் வேலையாக வெளியே வரும், மிச்சமெல்லாம் வெப்பம். ஆக, உடம்புக்கு ஆகும் மொத்தச் செலவு 150லிருந்து 180 கிலோ கலோரி. மூன்று இட்லியில் அடங்கிவிடும்.

மூன்று இட்லிக்கா பாதி வழியில், கமலக்கண்ணி அம்மன் கோயில் பக்கத்தில், இத்தனை பேர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்? சிக்கல் எவ்வளவு ஆற்றல் என்பதில் இல்லை, எவ்வளவு நேரத்தில் என்பதில் இருக்கிறது. உச்சிக்கு 40 நிமிடத்தில் போனால் கால்கள் சராசரியாக 64 வாட் திறனில் உழைக்கின்றன. 20 நிமிடத்தில் போக நினைத்தால் 127 வாட். ஆக்சிஜன் கணக்குக்கு மாற்றிப் பார்த்தால், என் தோராய மதிப்பீட்டில், முதல் வேகத்துக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நிமிடத்துக்கு 17, 18 மில்லிலிட்டர் போதும். இரண்டாவதற்கு 30 வேண்டும். உடற்பயிற்சி என்று எதையும் செய்யாத 60 வயது ஆணின் உடம்பு, உயிரைக் கொடுத்து உழைத்தாலும், உள்வாங்கிப் பயன்படுத்தக்கூடிய உச்ச அளவு 25க்கும் 30க்கும் நடுவில் எங்கோ இருக்கும். அதாவது 40 நிமிட ஏற்றம் அவருக்கு மூச்சு வாங்கும் நடை. 20 நிமிட ஏற்றம் நடக்காத காரியம். இளமையிலிருந்தே ஓட்டத்தை விடாத 60 வயதுக்காரரிடம் இந்த உச்ச அளவு 45ஐத் தாண்டுவதுண்டு. அவருக்கு அதே 20 நிமிடம் நல்லதொரு காலைப் பயிற்சி. மலையும் ஒன்று, வயதும் ஒன்று.

இந்த அத்தியாயத்துக்கு ஒரு கற்பனை மனிதர் தேவைப்படுகிறார். வல்லம் ஒன்றியத்துக் கிராமம் ஒன்றில் பணி ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர் என்று வைத்துக்கொள்வோம், வயது 63. ஊரில் அவர் இன்னும் வாத்தியார்தான். மருத்துவர் நடக்கச் சொன்னார் என்பதற்காக நடப்பவர் அல்ல. போட்டியில் இறங்க விரும்புகிறவர். அப்படிப்பட்டவர்களுக்கு இன்று களம் நிறையவே இருக்கிறது. மூத்தோர் தடகளத்துக்கான முதல் உலகப் போட்டி 1975இல் டொராண்டோவில் நடந்தது. அதன் ஆசியப் பதிப்பு 2025 நவம்பரில் சென்னை ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்குக்கே வந்தது. 35 வயதில் வாசல் திறக்கும். பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரிவுகள். இதெல்லாம் பழைய பாணி என்பவர்களுக்கு ஹைராக்ஸ் இருக்கிறது. ஜெர்மனியில் 2017இல் தொடங்கி, 2025 மே மாதம் மும்பைக்கு வந்து சேர்ந்த உடல்திறன் பந்தயம் அது. ஒரு கிலோமீட்டர் ஓட்டம், ஒரு கடும் வேலை, மறுபடி ஒரு கிலோமீட்டர், அடுத்த வேலை என எட்டுச் சுற்று. எடை ஏற்றிய சறுக்குவண்டியைத் தள்ள வேண்டும், கயிற்றால் இழுக்க வேண்டும், இரு கையிலும் பாரம் தூக்கி 200 மீட்டர் நடக்க வேண்டும், மணல்மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு முழங்கால் மடக்கி மடக்கி 100 மீட்டர் போக வேண்டும். கடைசியில் கனமான பந்தைச் சுவரில் உயர எறிந்து பிடிப்பது, 100 முறை. செஞ்சி நெல் மண்டியில் மூட்டை தூக்குபவருக்கு இதில் பாதியைக் காசு கொடுத்து ஏன் செய்கிறார்கள் என்பதே புரியாது. அவர் கேள்வியும் நியாயம்தான்.

வாத்தியார் எந்தப் போட்டியைத் தேர்ந்தெடுத்தாலும் உடம்பிடம் அது மூன்றைக் கேட்கும்: மூச்சு, வலு, அந்த இரண்டின் அடியையும் தாங்கும் மூட்டும் நாணும். மூன்றிலும் வயது ஒரே மாதிரி கைவைப்பதில்லை.

மூச்சை முதலில் பார்க்கலாம். உடலுழைப்பு இல்லாதவர்களுக்கு முப்பதுக்குப் பிறகு, பத்தாண்டுக்குச் சுமார் 10 சதவீதம் உச்ச ஆக்சிஜன் அளவு குறைகிறது. இதை அப்படியே வயதின் கணக்கில் எழுதிவிடும் பழக்கம் மருத்துவத்தில் நெடுநாள் இருந்தது. அதைக் குலைத்தது அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 1966இல் நடந்த ஒரு விசித்திரமான பரிசோதனை. இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்க வைத்தார்கள். எழுந்தபோது அவர்களுடைய உச்ச ஆக்சிஜன் அளவில் கால் பங்குக்கு மேல் காணாமல் போயிருந்தது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐந்து பேரைத் தேடிப் பிடித்து மீண்டும் அளந்தார்கள். இப்போது அவர்களுக்கு ஐம்பது வயது, உடம்பும் பெருத்திருந்தது. இருந்தும் முப்பது ஆண்டு முதுமை செய்திருந்த சேதம், இருபது வயதில் மூன்று வாரப் படுக்கை செய்த சேதத்தைவிடக் குறைவு. ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்ததும் முப்பது ஆண்டில் இழந்ததை அவர்கள் மீட்டுவிட்டார்கள். நாற்பது ஆண்டு கழித்து, அறுபதில், இன்னொரு முறை அளந்தபோதுதான் முதுமையின் கணக்கு அந்த மூன்று வாரத்தை எட்டியிருந்தது.

ஐந்தே பேர் என்பது சிறு எண்ணிக்கைதான், மறுக்கவில்லை. ஆனால் அதே மனிதர்களை நாற்பது ஆண்டு தொடர்ந்த ஆய்வு உடலியலில் அரிது. விடாமல் கடுமையாகப் பயிலும் மூத்த வீரர்களிடம் இந்தச் சரிவு ஏறக்குறையப் பாதியாக இருப்பதைப் பிந்தைய ஆய்வுகளும் காட்டின. பிரான்சின் ராபர்ட் மார்ஷாங் இதன் உச்ச எடுத்துக்காட்டு. 100 வயதில் ஒரு மணி நேரத்தில் சைக்கிளில் 24.25 கிலோமீட்டர் கடந்தார். இரண்டு ஆண்டு திட்டமிட்ட பயிற்சிக்குப் பிறகு 102 வயதில் அதே ஒரு மணி நேரத்தில் 26.9 கிலோமீட்டர். இடைப்பட்ட காலத்தில் அவருடைய உச்ச ஆக்சிஜன் அளவு 31லிருந்து 35ஆக உயர்ந்ததை ஆய்வாளர்கள் அளந்து பதிவு செய்திருக்கிறார்கள். நூறு வயதுக்கு மேல் மூச்சு கூடியது.

இதயத் துடிப்பு மட்டும் யாருக்கும் வளைந்து கொடுப்பதில்லை. உச்சத் துடிப்பு ஆண்டுக்கு 0.7 வீதம் குறைகிறது. பயில்பவருக்கும் பயிலாதவருக்கும் அதே சரிவு. உடற்பயிற்சிக்கூடச் சுவர்களில் ஒட்டியிருக்கும் '220லிருந்து வயதைக் கழி' என்ற சூத்திரம் மூத்தவர்களின் உச்சத் துடிப்பைக் குறைத்துச் சொல்கிறது. 2001இல் வந்த திருத்தம்: வயதை 0.7ஆல் பெருக்கி 208லிருந்து கழிக்க வேண்டும். வாத்தியாருக்குப் பழைய கணக்கில் 157, புதிய கணக்கில் 164. பழைய சுவரொட்டியை நம்பினால் அவர் தம் எல்லைக்குக் கீழேயே நின்றுவிடுவார்.

வலுவின் கதை வேறு. தசையில் இரு வகை இழைகள் இருக்கின்றன: மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் தாங்குபவை, சட்டென்று சுருங்கிச் சீக்கிரம் களைப்பவை. முதுமை இரண்டாவது வகையைத்தான் குறிவைக்கிறது. தண்டுவடத்திலிருந்து தசைக்கு வரும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. ஆதரவிழந்த வேக இழைகளில் சிலவற்றைப் பக்கத்து மெதுநரம்பு தத்தெடுத்துத் தன் போக்குக்குப் பழக்கிவிடுகிறது, மற்றவை அழிகின்றன. எனவே மூத்தவருக்கு வலு குறைவதைவிட, அந்த வலுவை நொடியில் வெளிக்காட்டும் திறன் விரைவாகக் குறைகிறது. போட்டிப் பதிவுகளிலும் இதைப் பார்க்கலாம். பாரத்தைத் தலைக்கு மேல் ஒரே வீச்சில் எறிந்து தாங்கும் ஒலிம்பிக் பளுதூக்குதலில் வயதுவாரிச் சாதனைகள் செங்குத்தாகச் சரிகின்றன. பாரத்தைத் தரையிலிருந்து நிதானமாகத் தூக்கி நிமிரும் பவர்லிஃப்டிங்கில் சரிவு மெதுவானது.

பொள்ளாச்சிப் பகுதியைச் சேர்ந்த கிட்டம்மாள் 2024இல், 82 வயதில், கோவையில் நடந்த வலுத்தூக்கும் போட்டியில் தம் பேத்தி வயதுப் பெண்களோடு சேர்ந்து நின்று 50 கிலோவைத் தூக்கிக் காட்டியதும் இந்த இரண்டாவது வகையில்தான். நாளிதழ்கள் அதை அதிசயமாக எழுதின. உடலியலில் அது அதிசயம் இல்லை. தசைக்குக் கற்கும் வயது என்று ஒன்று கிடையாது. 1990இல் பாஸ்டனின் முதியோர் இல்லம் ஒன்றில் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவர் 86 முதல் 96 வயது வரையான பத்துப் பேருக்குக் கால்களால் கனத்தைத் தூக்கும் பயிற்சி கொடுத்தார். பெயருக்கு அரைக் கிலோவைக் கட்டிவிடவில்லை. அவரவர் ஒரே முறை தூக்கக்கூடிய அதிகபட்சப் பாரத்தில் 80 சதவீதம், வாரம் மூன்று நாள். எட்டு வாரத்தில் அவர்கள் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடைத் தசையின் பருமனோ 9 சதவீதம்தான் கூடியிருந்தது. சதை அவ்வளவு வளராமல் வலு எப்படி வந்தது? தூங்கிக் கிடந்த இழைகளை நரம்பு மண்டலம் மறுபடி வேலைக்குக் கூப்பிடக் கற்றுக்கொண்டதுதான் பெரும் பங்கு. பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில் வலுவில் மூன்றில் ஒரு பங்கு கரைந்துபோனதும் அதே அறிக்கையில் இருக்கிறது. அந்த வரியை நாம் கவனிப்பதேயில்லை.

இங்கே ஊர்ப்பக்கம் எழும் ஒரு வாதத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். 'காலமெல்லாம் கழனியில் பாடுபட்ட உடம்பு, இதுக்குமேல என்ன பயிற்சி?' என்பார்கள். நாள் முழுக்க நாற்று நடும் அம்மாவின் தாங்குதிறனுக்கு முன் நகரத்து ஜிம் இளைஞன் நிற்க முடியாது, உண்மை. பௌர்ணமிதோறும் செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் போய் 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்றிவரும் பாட்டிகளும் அப்படியே. ஆனால் வயல் வேலை ஒரே அளவில் ஆண்டுக்கணக்கில் நீள்வது. உடம்பு அந்த அளவுக்குப் பழகிய பிறகு அதற்குமேல் வலுவைச் சேர்த்துவைக்க அதற்குக் காரணம் இல்லை. போட்டிக்குத் தயாராவது என்றால் சுமை வாரந்தோறும் கொஞ்சம் ஏற வேண்டும், இடையில் இறக்கமும் ஓய்வும் வர வேண்டும். உழைப்பு உடம்பைத் தேய்க்கவும் செய்யும். நடவு முடித்த இடுப்பைக் கேட்டால் தெரியும்.

இனி என் விருப்பப் பகுதி: இறக்கம். கோட்டைக்கு வருபவர்கள் எல்லாரும் ஏறியதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். மறுநாள் காலை கட்டிலிலிருந்து எழ முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குப் போக வைப்பது இறங்கியதுதான்.

இறங்கும்போது உங்கள் காலைக் கவனியுங்கள். வலது கால் கீழ்ப்படியை நோக்கிக் காற்றில் இருக்கிறது. உடம்பின் முழு எடையும் இடது காலில். அந்த முழங்கால் மெல்ல மடிகிறது. தொடையின் முன்தசை சுருங்க முயன்றுகொண்டே நீள்கிறது. கிணற்றில் குடத்தை இறக்கும்போது கயிற்றைச் சட்டென்று விட்டுவிடாமல் கைக்குள் உரசவிட்டு இறக்குவது போல, தசை விட்டுக்கொடுத்துக்கொண்டே பிடித்துவைக்கிறது. ராஜகிரியின் கற்படிகள் சீராக வெட்டியவை அல்ல. ஒன்று அரை அடி, அடுத்தது ஒன்றேகால் அடி, சில பாதம் வழுக்கும் அளவுக்குத் தேய்ந்தவை. ஒவ்வொன்றுக்கும் தசை வேறு அளவில் விட்டுக்கொடுக்க வேண்டும்.

இந்த விட்டுக்கொடுத்தலுக்கு ஆக்சிஜன் செலவு மிகக் குறைவு. 1952இல் லண்டனில் அபட், பிக்லண்ட், ரிச்சி என்ற மூவர் இதைக் காட்ட இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாகச் சங்கிலியால் பிணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிப்பார். மற்றவர் பெடல் பின்னோக்கி வருவதைக் கால்களால் தடுப்பார். இருவர் காலிலும் விசை ஒன்றே. ராயல் சொசைட்டியில் செய்துகாட்டியபோது, மிதித்த வாட்டசாட்டமான ஆணைத் தடுத்த சிறிய உருவப் பெண் எளிதில் களைப்படைய வைத்துவிட்டார். தடுக்கும் தசை குறைந்த ஆக்சிஜனில் நிறைய விசையைத் தாங்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல காட்சி வேறு கிடையாது.

மூத்த விளையாட்டு வீரருக்கு இது பெரிய செய்தி. இதயமும் நுரையீரலும் ஒத்துழைக்காத அளவு சுமையைக்கூட இறக்கத்தில் தசைக்குக் கொடுக்க முடியும். தைவானில் உடல் பருத்த மூத்த பெண்களை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவை மாடிப்படி ஏறவும் மற்றதை இறங்கவும் மட்டும் பன்னிரண்டு வாரம் பழக்கினார்கள். எதிர்த்திசைக்கு மின்தூக்கி. 2017இல் வெளியான முடிவில் தொடை வலுவிலும் சமநிலையிலும் எலும்பு அடர்த்தியிலும் இன்சுலின் வேலை செய்யும் விதத்திலும் இறங்கிய குழுவே முந்தியது. படி இறங்குவது சும்மா வருவது என்று நினைத்திருந்தவர்களுக்கு இது அதிர்ச்சி.

சும்மா வருவது இல்லை என்பதை முழங்கால் முன்பே அறியும். பெர்லினில் செயற்கை மூட்டு பொருத்தியவர்கள் சிலரின் முழங்காலுக்குள்ளேயே விசை அளக்கும் கருவியை வைத்து அளந்தார்கள். சமதரையில் நடக்கும்போது மூட்டின் மீது உடல் எடையைப்போல் 2.6 மடங்கு; படி ஏறும்போது 3.2, இறங்கும்போது 3.5. அதனால்தான் வாத்தியாருக்கு முதல் வாரத்திலேயே உச்சிக்குப் போகாதீர்கள் என்பேன். அம்மன் கோயில் வரை போய்த் திரும்பினால் போதும். தசைக்கு இன்னொரு நல்ல குணம் உண்டு: முதல் இறக்கத்தில் இழைகள் நுண்ணிய அளவில் கிழிந்து, ஒன்றிரண்டு நாள் கழித்து வலி உச்சத்துக்குப் போகும். அதே இறக்கத்தை இரண்டு வாரம் கழித்துச் செய்தால் வலி பாதிகூட இருக்காது. ஒரே ஒரு முறை பட்டதைத் தசை வாரக்கணக்கில் நினைவில் வைத்துத் தன்னைக் காத்துக்கொள்கிறது. எனவே சிறியதாய்த் தொடங்கும் முதல் இறக்கம் பயிற்சியாக மட்டுமல்ல, தடுப்பூசியாகவும் வேலை செய்யும்.

தசை இப்படிக் கற்றுக்கொள்ளும். தசைநாண் கற்றுக்கொள்ளாது, அல்லது மிக மெதுவாகக் கற்கும். குதிகால் நாணின் வயதை டென்மார்க்கில் கண்டுபிடித்த விதம் இந்தத் துறையின் அழகான துப்பறியும் கதை. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெட்டவெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்ததால் காற்றில் கார்பன்-14 ஏறக்குறைய இரட்டிப்பானது. சோதனைகள் நின்றதும் மெல்லக் குறைந்தது. அந்தந்த ஆண்டில் வளர்ந்த பயிர், அதைத் தின்ற மனிதர், அவர்கள் உடம்பில் உருவான புரதம் எல்லாவற்றிலும் அந்த ஆண்டின் முத்திரை விழுந்தது. இறந்தவர்களின் குதிகால் நாணின் நடுப்பகுதியை எடுத்துப் பார்த்தபோது, அதிலிருந்த முத்திரை அவர்கள் பதினேழு வயதை எட்டிய காலத்தோடு நின்றுபோயிருந்தது. அதன் பிறகு அந்த மையப்பகுதி புதுப்பிக்கப்படவே இல்லை. தசையில் அப்படி இல்லை. அது தொடர்ந்து புதுப்பித்துக்கொண்டே இருந்தது.

வாத்தியார் 63 வயதில் நம்பி ஓடும் நாண், அவர் பள்ளியில் படித்தபோது உருவானது. ஆறே வாரத்தில் மூச்சு கூடிவிடும், எட்டு வாரத்தில் வலு கூடிவிடும். கூடிய மூச்சும் வலுவும் அந்தப் பழைய நாணின் மீது போய் நிற்கும். மூத்த வீரர்கள் தொடக்கத்தில் அல்லாமல், 'இப்பத்தான் நல்லா வருது' என்று சொல்லும் மூன்றாம் மாதத்தில் காயப்படுவதற்கு இது ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். கெண்டைக்காலைப் படி விளிம்பில் மெதுவாக இறக்கி ஏற்றும் பயிற்சியை முதல் நாளிலிருந்தே சேர்ப்பதும், வாரத்துக்கு வாரம் ஓட்டத்தைக் கூட்டுவதில் கருமித்தனம் காட்டுவதும்தான் கையில் இருக்கும் வழிகள்.

ஆக, பயிற்சித் திட்டம் எப்படி இருக்க வேண்டும்? வயதானால் எல்லாவற்றையும் இலேசாக்கிக்கொள்ள வேண்டும் என்ற பொதுப்புத்தியோடு எனக்கு உடன்பாடு இல்லை. உச்ச ஆக்சிஜன் அளவைத் தாங்கிப் பிடிப்பது கடும் வேகப் பயிற்சி. வேக இழைகளைக் காப்பது கனமான பாரமும் வெடிப்பான அசைவும். இரண்டையும் குறைத்துவிட்டுச் சாயங்கால நடையை மட்டும் வைத்துக்கொள்பவர், வயது பறிக்க நினைப்பதைத் தாமே எடுத்துக் கொடுக்கிறார். குறைக்க வேண்டியது கடுமை நாள்களின் எண்ணிக்கையை. இருபது வயதில் வாரம் நான்கு, ஐந்து நாள் கடுமையாகப் பயின்றவர் அறுபதுக்கு மேல் இரண்டோ மூன்றோ போதும் என்று நிறுத்திக்கொள்ள வேண்டும், நடுவில் முழுதாக ஒரு நாளாவது விட்டு. மூத்தவரின் தசை உண்மையிலேயே தாமதமாகத் தேறுகிறதா என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. நாண் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை.

வாத்தியாரின் வாரத்தை இப்படிப் போடலாம். செவ்வாய்க்கிழமை மலையில் விரைவேற்றம்: நான்கு நிமிடம் பேச முடியாத வேகத்தில் ஏறி, மூன்று நிமிடம் மெல்ல நடந்து, இப்படி நான்கு முறை. வியாழக்கிழமை பாரம்: பஸ்கியும் தரையிலிருந்து தூக்குதலும், ஐந்து முறைக்கு மேல் முடியாத கனத்தில், கூடவே பந்தை விசையோடு எறிவது. ஞாயிறன்று முழு ஏற்றமும் நிதானமான இறக்கமும். மற்ற நாள்களில் பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டே போகும் நடை. நாள்தோறும் தொல்லியல் துறைச் சீட்டு வாங்கிக்கொண்டு கோட்டைக்குள் போக வேண்டியதில்லை. செஞ்சியைச் சுற்றிப் பாறைக் குன்றுகளுக்கா பஞ்சம்?

அந்தக் குன்றுகளில் ஒன்று சிறுகடம்பூர் திருநாதர் குன்று. இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களைப் பாறையில் செதுக்கிய இடம். சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்துறந்ததைச் சொல்லும் பழங்கல்வெட்டும் அங்கே இருக்கிறது. வாத்தியார் போக வேண்டிய திசை அதற்கு நேர் எதிர். வயதான தசை புரதத்துக்குக் காது மந்தம். இளைஞனுக்கு ஒரு வேளையில் கிலோவுக்கு 0.24 கிராம் போதுமென்றால் மூத்தவருக்கு 0.4 தேவைப்படுகிறது. 65 கிலோ உடம்புக்கு வேளைக்கு 26 கிராம். மூன்று இட்லியும் சாம்பாரும் பத்து கிராமைத் தாண்டுவதே கடினம். இரண்டு முட்டையும் ஒரு கிண்ணம் சுண்டலும் சேர்த்தால் கணக்கு நேராகும். சுண்டலைக் கொலு நாளுக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டோம்.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. சித்திரை, வைகாசியில் இந்தப் பாறைகள் பகலில் வாங்கிய சூட்டை இருட்டிய பிறகும் விடுவதில்லை. அறுபதுக்கு மேல் வியர்வை தாமதமாக வரும், தாகமும் மங்கும்; தாகம் எடுத்த பிறகு குடிக்கலாம் என்று இருப்பது ஆபத்து. போட்டி வெயிலில் என்றால் பத்து, பதினான்கு நாள் முன்பே வெயிலில் மெல்ல மெல்லப் பழக வேண்டும். தொடங்குமுன் இதயப் பரிசோதனை கட்டாயம். தெற்காசியர்களுக்கு இதயத் தமனி நோய் மற்றவர்களைவிடச் சில ஆண்டுகள் முன்பே வருகிறது. சர்க்கரை இருந்தால் நெஞ்சுவலி இல்லாமலும் வரும். ஏறும்போது மட்டும் தாடையிலோ இடது தோளிலோ வலி வந்து நின்றதும் போய்விடுகிறது என்றால், அது வாயுப்பிடிப்பு அல்ல. அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

செஞ்சியின் வீரக்கதை என்றால் தேசிங்கு ராஜாதான் நினைவுக்கு வருவார். 1714இல் இருபதுகளின் தொடக்கத்திலேயே மாண்டவர். முதியவர்களுக்கு நம்மிடம் கதைப்பாடல் குறைவு. சண்டிகரின் மான் கவுர் 93 வயதில் ஓடத் தொடங்கி, 2017இல் ஆக்லாந்தில் 101 வயதில் 100 மீட்டரை 74 நொடியில் முடித்தார். ஃபௌஜா சிங் 2011இல் டொராண்டோ மாரத்தானை நூறு வயதில் 8 மணி 11 நிமிடத்தில் முடித்தார். கோவையின் நானம்மாள் தொண்ணூறைத் தாண்டியும் யோகாசனம் கற்பித்து 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். இவர்களை நூறு வயது அதிசயங்களாகக் கொண்டாடுவதில் ஒரு வசதி இருக்கிறது: அறுபது வயதுக்காரர் தம்மை அவர்களோடு ஒப்பிட வேண்டியதில்லை. எனக்கோ, நூறு வயதுக்காரரைவிட அறுபத்து மூன்றில் விடாமல் பயில்பவரிடம்தான் அறிவியலுக்குக் கற்க நிறைய இருப்பதாகத் தோன்றுகிறது.

போட்டி விதிகளும் உடலியலை ஒப்புக்கொள்கின்றன. ஆண்களுக்கான குண்டு 50 வயது வரை 7.26 கிலோ, 50 ஆனதும் 6, 60இல் 5, 70இல் 4, 80இல் 3. அறுபது தொட்டதும் தடைதாண்டும் நெடுஓட்டம் 3,000 மீட்டரிலிருந்து 2,000 ஆகச் சுருங்கும். இந்த ஐந்தாண்டுக் கட்டங்கள் வேறொரு விளைவையும் கொண்டுவந்தன. ஒரு பிரிவுக்குள் நுழையும் முதல் ஆண்டில் நீங்கள்தான் அங்கே இளையவர். மூத்தோர் போட்டிகளில் கலந்துகொள்பவர்களின் எண்ணிக்கையும் சாதனைகளும் பிரிவின் முதல் ஆண்டில் குவிவதும், கடைசி ஆண்டில் மெலிவதும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. 63 வயது வாத்தியாருக்கு 60 வயதுக்காரரோடு ஓடுவது நட்டம். அவர் இந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் நாணைப் பழக்கிக்கொண்டு, பிறந்தநாள் வந்து 65 ஆனதும் பெயர் கொடுப்பார். பிறந்தநாளுக்காகக் காத்திருக்கும் 63 வயதுக்காரர்களை இந்த விளையாட்டில்தான் பார்க்கலாம்.